பழைய பெட்ரோல் காரில் இ20: டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை பார்க்க வேண்டியவை

இன்றைக்கு எந்த பங்க்கில் போய் நின்றாலும் குழாயில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல்தான். 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்போடு தொடங்கிய திட்டம், 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் இ20, அதாவது 20 சதவீத எத்தனால் பெட்ரோல், அறிமுகமானது. 2030க்கு வைத்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து 2025லேயே எட்டிவிட்டார்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. ஆகவே, போடலாமா வேண்டாமா என்று பேசி இனிப் பயனில்லை. இதைப் போட்டுக்கொண்டே வண்டியை ஒழுங்காக எப்படி வைத்துக்கொள்வது என்று பார்ப்போம்.

வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் ‘என்ஜின் காலி’ என்கிறார்கள், இன்னொரு பக்கம் ‘ஒன்றுமே ஆகாது’ என்கிறார்கள். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. எத்தனாலை எரிப்பதில் என்ஜினுக்குப் பெரிய சிரமம் கிடையாது. அடி வாங்குவது என்ஜினுக்கு முன்னால் இருக்கிற பாதை: டேங்க், பம்ப், ரப்பர் ஓஸ், சீல், ஃபில்டர், இன்ஜெக்டர். அதனால் நாமும் அந்தப் பாதையிலேயே நடந்து பார்க்கலாம்.

எத்தனால் செய்கிற நான்கு வேலைகள்

முதலாவது, சூடு குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் என்றால், ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21தான். மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலக்கும்போது, சுத்தப் பெட்ரோலை ஒப்பிட்டால் மொத்தத்தில் 7 சதவீதத்தை ஒட்டி ஆற்றல் குறையும். ஆனால் நாம் யாரும் சுத்தப் பெட்ரோலிலிருந்து நேராக இ20க்கு வரவில்லை. 10 சதவீதக் கலப்பில் சில காலம் ஓட்டிவிட்டுத்தான் வந்தோம். அந்தக் கணக்கில் இப்போதைய கூடுதல் இழப்பு மூன்று, மூன்றரை சதவீதம்தான். மைலேஜ் சண்டைகளில் பாதி, எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமலே நடக்கிறது.

இரண்டாவது, காற்றின் அளவு மாறுகிறது. பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அப்படி. இ20க்கு இது ஏறக்குறைய 13.5. பழைய அளவிலேயே எரிபொருளை விட்டால் கலவை ‘லீன்’ ஆகிவிடும். அதாவது காற்று அதிகம், எரிபொருள் குறைவு.

மூன்றாவது, ஆக்டேன், அதாவது நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், ஏறுகிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108ஐ ஒட்டியது. அதனால் பழைய 91 ஆக்டேன் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20 குறைந்தது 95 தரத்தில் வருகிறது. ஏசி போட்டுக்கொண்டு முழு ஆட்களோடு கொல்லிமலை ஏறும்போது நாக்கிங் எனும் என்ஜின் தட்டல் சத்தம் குறைந்ததாக யாராவது சொன்னால், அது கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. டர்போ என்ஜின்களுக்கு இது நல்லதே.

நான்காவதுதான் தலைவலி. எத்தனால் தண்ணீரை இழுக்கும். சில ரப்பர்களை ஊற வைக்கும். டேங்க் அடியில் பல வருடமாகப் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும்.

படி 1: உங்கள் வண்டி எந்த வகை?

பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். இ20 என்று இருந்தால் பாதி கவலை இல்லை. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் ஓனர் மேனுவலில் எரிபொருள் பற்றிய பக்கத்தைப் புரட்டுங்கள். இ10 வரை என்று எழுதியிருக்கிறதா, இ20 என்றா, எதுவுமே இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். மேனுவல் தொலைந்துபோயிருந்தால் ஆர்.சி. புக்கில் உள்ள தயாரிப்புத் தேதி ஓரளவு சொல்லிவிடும்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானவை என்றால் ரப்பர், பிளாஸ்டிக், உலோகப் பாகங்கள் இ20ஐத் தாங்கும்படி வந்தவை. 2025 ஏப்ரலிலிருந்து வருபவற்றில் என்ஜின் டியூனிங்கும் இ20க்கே. இந்த இரண்டு வகைக்காரர்களும் தண்ணீர் பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்.

2020 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையிலான பிஎஸ்-6 கார்களும், 2017க்குப் பிந்தைய பிஎஸ்-4 கார்களும் நடுவில் நிற்கின்றன. பெரும்பாலும் இ10ஐ மனதில் வைத்துச் செய்தவை. ஓடும், ஆனால் கண் வைத்திருக்க வேண்டும். அதற்கும் முந்தையவை, குறிப்பாக 15 வருடம் தாண்டியவை, இந்த வழிகாட்டியின் உண்மையான வாசகர்கள். கார்புரேட்டர் மாருதி 800ஐ இன்னும் ஆசையாக வைத்திருப்பவர் ஒவ்வொரு படியையும் செய்தாக வேண்டும்.

படி 2: மைலேஜை இப்போதே அளந்து வையுங்கள்

டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பம்ப் குழாய் தானாக நிற்கும்வரை ஃபுல் டேங்க் போட்டு, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டியபின், முடிந்தால் அதே பங்க்கில் அதே பம்ப்பில் மறுபடி ஃபுல் டேங்க். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒருமுறை செய்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று டேங்க்கின் சராசரி எடுங்கள்.

10 சதவீதக் கலப்பில் 16 கொடுத்த கார் இப்போது 15.4 கொடுத்தால் அது எத்தனால் கணக்கு. மாதம் 1000 கிலோமீட்டர் ஓடினால் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய இரண்டரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 250 ரூபாய். அதே கார் 13க்கு இறங்கியிருந்தால் எத்தனாலைத் திட்டிப் பயனில்லை. டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார், ஒட்டிக்கொண்ட பிரேக் என்று வேறு எங்கோ கோளாறு இருக்கிறது. நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையே, சுத்தப் பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் இழப்பு வரலாம் என்றுதான் சொல்கிறது. அதற்கு மேல் போனால் மெக்கானிக்கிடம் போங்கள்.

விலையில் இந்த இழப்பை ஈடுகட்டியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. லிட்டருக்கு ஆற்றல் குறைவான சரக்கை அதே விலைக்கு விற்பதில் வாடிக்கையாளர் கோபப்படுவது நியாயமே. அது வேறு விவாதம்.

படி 3: டேங்கிலிருந்து என்ஜின் வரை

இதை ஒரு சர்வீஸ் நேரத்தில் மெக்கானிக்கோடு சேர்ந்து செய்யுங்கள். ‘பெட்ரோல் லைன் முழுக்கப் பாருங்க அண்ணே’ என்று பொதுவாகச் சொன்னால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் ரப்பர் ஓஸ்கள். டேங்கில் பெட்ரோல் ஊற்றும் கழுத்தை இணைக்கும் தடித்த ஓஸ், டேங்கிலிருந்து இரும்புக் குழாய்க்குப் போகிற இணைப்பு, என்ஜின் பக்கத்தில் அந்தக் குழாயை இன்ஜெக்டர் ரெயிலோடு சேர்க்கும் ஓஸ், திரும்பி வரும் ரிட்டர்ன் லைன் இருந்தால் அது. என்ஜின் ஆறியிருக்கும்போது விரல்களால் அழுத்திப் பாருங்கள். நல்ல ஓஸ் அழுத்தினால் கொடுத்து, விட்டவுடன் பழைய வடிவத்துக்கு வரும். கெட்டுப்போனது இரண்டு விதமாக இருக்கும். ஒன்று கெட்டியாகி, வளைத்தால் மேல்தோலில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். இன்னொன்று ஊறிப்போய், கிளிப் இருக்கும் இடத்தில் புடைத்து, பிசுபிசுவென்று விரலில் கறுப்பு ஒட்டும். இரண்டாவதுதான் எத்தனாலின் கைவரிசை. காலையில் முதலில் பானட்டைத் திறக்கும்போது பெட்ரோல் வாசனை வந்தால், வேறெதுவும் பார்க்காமல் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு ஓஸை மாற்றுங்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கசிகிற பெட்ரோலோடு விளையாடக் கூடாது.

மாற்றும்போது கடையில் ‘பெட்ரோல் ஓஸ்’ என்று மட்டும் கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதா ஓஸ்தான் கிடைக்கும். கார் கம்பெனியின் ஒரிஜினல் பாகம், அதுவும் இப்போதைய பாக எண்ணில் வருவது, முதல் தேர்வு. அது கிடைக்காத பழைய மாடல் என்றால் ஓஸின் மேலேயே அச்சிட்டிருக்கும் ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்ற தரத்தைப் பாருங்கள். அதன் உள்பூச்சு, வைட்டான் என்று கடைக்காரர்கள் சொல்லும் ஃப்ளூரோ ரப்பர். எத்தனாலுக்கு அது அசையாது. ஆர்6, ஆர்7 என்று இருப்பவை குறைந்த அழுத்தத்துக்கானவை. இன்ஜெக்ஷன் காரில் லைனுக்குள் 3, 4 பார் அழுத்தம் இருக்கும், அங்கே அவற்றை மாட்டக் கூடாது. கிளிப்பும் முக்கியம். சாதாரண ஸ்க்ரூ கிளிப்பின் துளைகள் ஓஸை வெட்டும். இன்ஜெக்ஷன் லைனுக்கென்று வரும் வழவழப்பான கிளிப் வாங்குங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விட வேண்டும். லைனில் உள்ள அழுத்தம் அப்போதுதான் இறங்கும். அப்புறம் பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் ஸ்பேனரை எடுக்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து சீல்கள்: இன்ஜெக்டர் ஓ-ரிங், டேங்க் மேல் பம்ப் உட்காரும் இடத்தின் கேஸ்கெட், மூடியின் வாஷர். மூடி வாஷரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது வெடித்திருந்தால் மழைக்காலத்தில் ஈரக் காற்று நேராக டேங்குக்குள் போகும். சில பழைய வண்டிகளில் இந்த ரப்பர் பாகங்களை 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. செலவு குறைவு என்றும் சொன்னது. பாகம் மலிவுதான், டேங்கை இறக்கி ஏற்றும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியில் தனியாக இருக்கும் வகை என்றால் ஒருமுறை மாற்றிவிட்டு, அடுத்த சர்வீஸில் மறுபடி மாற்றுங்கள். பம்ப்போடு டேங்குக்குள் இருக்கும் வகை என்றால், பிக்கப் குறைந்தாலோ பம்ப் சத்தம் கூடினாலோ மட்டும் திறந்து பார்த்தால் போதும்.

டேங்க்: பிளாஸ்டிக் டேங்க் என்றால் தொல்லை இல்லை. பழைய இரும்பு டேங்கில் துரு இருந்தால் எத்தனால் அதைக் கிளப்பிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

படி 4: ஸ்கேனர் சொல்வதைக் கேளுங்கள்

இன்ஜெக்ஷன் காரில் எக்ஸாஸ்ட்டில் ஓர் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. கலவை லீன் ஆனால் அது ஈசியூ எனும் என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், ஈசியூ இன்ஜெக்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கும். சாதாரண கார் இ20ஐச் சமாளிப்பது இந்தத் திருத்தத்தால்தான். இந்தத் திருத்தம் எவ்வளவு என்பதை நீங்களே பார்க்கலாம். பிஎஸ்-4 கார்களில் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஈசியூ தரும் தகவலைப் படிப்பதற்கான ஓபிடி சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியை அதில் செருகி, போனில் ஓர் ஆப் போட்டால் போதும்.

பார்க்க வேண்டிய எண் ‘லாங் டேர்ம் ஃப்யூவல் ட்ரிம்’, அதாவது அந்தத் திருத்தம் எத்தனை சதவீதம் என்பது. என்ஜின் நன்றாகச் சூடானபின் ஐட்லிங்கில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். இ10லிருந்து இ20க்கு மாறியதால் மட்டும் இது மூன்று நான்கு புள்ளிகள் ஏறும். ப்ளஸ் 10க்குள் இருந்தால் நிம்மதியாக ஓட்டுங்கள். 15ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். பல கார்களில் திருத்தத்தின் எல்லை 25ஐ ஒட்டியது. அதை நெருங்கினால் செக் என்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனர் பி0171 என்று காட்டும். கலவை லீன் என்று பொருள்.

அப்படி விளக்கு எரிந்தால் இ20தான் காரணம் என்று மெக்கானிக் கைகழுவக்கூடும். விடாதீர்கள். எத்தனால் தருவது அந்த மூன்று நான்கு புள்ளிகள்தான். மீதி எங்கிருந்தோ வருகிறது. ஐட்லிங்கில் மட்டும் எண் அதிகமாக, 2500இல் குறைவாக இருந்தால் வேக்யூம் ஓஸில் கசிவு. இரண்டிலும் அதிகமாக, வேகம் கூடக் கூட மோசமானால் பம்ப் தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். முன்பே இருந்த நோயை இ20 வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

ஒன்றை நினைவில் வையுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டிலும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதும் ஈசியூ சென்சாரைப் பார்ப்பதில்லை. ட்ரிம் ஏற்கெனவே உயர்ந்துபோன பழைய காரை ஈசிஆரில் மணிக்கணக்கில் முழு மிதியில் ஓட்டினால் என்ஜின் சூடு ஏறும்.

கார்புரேட்டர் வண்டியில் இந்தத் திருத்தமெல்லாம் கிடையாது. மிக்சர் ஸ்க்ரூவைச் சற்றுத் திறந்து ஐட்லிங்கைச் சரிசெய்ய வேண்டும். ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட் சத்தமும், ஓட்டத்தில் தடுமாற்றமும் நீடித்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கலாம். கோடையில் டிராஃபிக்கில் நின்று அணைந்து, ஆறியபின் ஸ்டார்ட் ஆகிறதென்றால் அது வேப்பர் லாக், அதாவது குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைப்பது. பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள்.

படி 5: தண்ணீர்

எத்தனால் பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து எரித்துவிடும், அது நல்லதுதான். ஓர் எல்லை தாண்டினால் கதை மாறும். 10 சதவீதக் கலப்பு சாதாரண வெப்பத்தில் தாங்குவது அரை சதவீதத்தை ஒட்டிய தண்ணீர். 40 லிட்டர் டேங்க்கில் ஒரு டம்ளர் அளவு. இ20 இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அதற்கு மேல் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்துகொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் உதறும்.

டேங்க்கிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அசையாமல் வைத்தால் தெரிந்துவிடும். நல்ல பெட்ரோல் ஒரே நிறமாகத் தெளிவாக நிற்கும். பிரிந்துபோனதில் நடுவில் ஒரு கோடு விழும். பாட்டிலைச் சாய்த்தால் கீழ் அடுக்கு தனியாக வழுக்கிக்கொண்டு நகரும். மறுபடி குலுக்கிக் கலக்கி ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். டேங்கைக் காலி செய்து, துடைத்து, புதிதாகப் போடுவதுதான் வழி.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில், தெருவில் தண்ணீர் தேங்கிய ஏரியா பங்க்குகளைச் சில நாள் தவிருங்கள். டேங்கர் லாரி வந்து இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும் போட வேண்டாம். அடியில் கிடப்பதெல்லாம் அப்போது கலங்கி மேலே வரும்.

வண்டியை ஊரில் விட்டுவிட்டுத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களுக்கு: டேங்கை முழுக்க நிரப்பிவிட்டுப் போங்கள். காலி இடம் இருந்தால் இரவு பகல் வெப்ப மாற்றத்தில் ஈரக் காற்று உள்ளே போய் வரும். வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்வதோடு நிறுத்தாமல், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் நல்லது. கார்புரேட்டர் வண்டி என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டுப் போங்கள்.

படி 6: எவ்வளவு எத்தனால்? நீங்களே அளக்கலாம்

பங்க்கில் தரும் ஃபில்டர் பேப்பர் சோதனை, மண்ணெண்ணெய் போன்ற கலப்படத்தைப் பிடிக்கத்தான். எத்தனாலைக் காட்டாது. டென்சிட்டி பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். அதுவும் எத்தனால் அளவைச் சொல்லாது.

அளக்க 100 மில்லி அளவு ஜாடி ஒன்று போதும். காற்றோட்டமான வெளியிடத்தில், தீ, சிகரெட், போன் சார்ஜர் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். ஜாடியில் 10 மில்லி தண்ணீர், அதில் துளி ஃபுட் கலர். அதன்மேல் 100 கோடு வரை பெட்ரோல். மூடிக் குலுக்கி, இடையிடையே மூடியைத் திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேரும். நிற அடுக்கு 10லிருந்து 27க்கு ஏறியிருந்தால், ஏறிய 17ஐ 90ஆல் வகுத்தால் 19 சதவீதத்தை ஒட்டி வரும். கொஞ்சம் எத்தனால் மேலேயே தங்குவதால் உண்மை அளவைவிட ஒன்றிரண்டு சதவீதம் குறைத்தே காட்டும். 23, 24 என்று வந்தால்தான் யோசிக்க வேண்டும். சோதித்த பெட்ரோலை மறுபடி டேங்கில் ஊற்றாதீர்கள்.

பிரீமியம் பெட்ரோல் போட்டால் எத்தனால் இருக்காது என்ற நினைப்பிலும் பலர் காசைச் செலவழிக்கிறார்கள். 95 ஆக்டேன் என்று விற்பவற்றிலும் பெரும்பாலும் எத்தனால் கலந்தே வருகிறது.

20ஐத் தாண்டலாமா?

‘பிரேசிலில் 27 சதவீதத்தில் ஓடுகிறதே’ என்ற வாதம் அடிக்கடி வரும். உண்மைதான். 2025 ஆகஸ்டில் அதை 30 ஆக்கியும் விட்டார்கள். ஆனால் அங்கே 1975லிருந்தே எத்தனால் திட்டம் உண்டு, விற்கும் கார்களும் அதற்கேற்பச் செய்யப்பட்டவை. 2003லிருந்து எந்தக் கலப்பிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் கார்கள் வேறு. அதை வைத்து நம் 2012 மாடலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

பிரான்சில் சாதாரண பெட்ரோல் காரில் 85 சதவீத எத்தனாலுக்கான பெட்டியை மாட்டுகிறார்கள். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. 2017 கடைசியில் இதற்கென்று விதி கொண்டுவந்து, அங்கீகாரம் பெற்ற பெட்டியை, பயிற்சி பெற்ற ஆள் மாட்டினால்தான் செல்லும் என்று வைத்தார்கள். இங்கே ஆன்லைனில் வாங்கி நாமே மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிச் சொல்வதை இன்சூரன்ஸ் கம்பெனி விபத்துக்குப் பிறகு எடுத்துக் காட்டும். தேவையில்லாத வம்பு.

தமிழ்நாட்டின் சில பங்க்குகள் உட்பட ஐந்து மாநிலங்களில் 2024 மார்ச்சில் எத்தனால் 100 என்ற எரிபொருள் விற்பனைக்கு வந்தது. அது ஃப்ளெக்ஸ் வண்டிகளுக்கும், எத்தனாலுக்கென்றே செய்த வண்டிகளுக்கும் மட்டும். ஓசூர் டிவிஎஸ் 2019இல் கொண்டுவந்த எத்தனால் அப்பாச்சி பைக் போன்றவை இரண்டாவது ரகம். எத்தனால் 100 எரிபொருளில் 93 சதவீதம் எத்தனால். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 35 லிட்டர் இ20 இருக்கும் டேங்கில் தெரியாமல் 5 லிட்டர் எத்தனால் 100 விழுந்தால் மொத்தம் 29 சதவீதமாகிவிடும். ட்ரிம் இன்னும் மூன்று புள்ளி ஏறும். நல்ல நிலையில் உள்ள கார் ஓடிவிடும், பதற வேண்டாம், மென்மையாக ஓட்டி அடுத்து இ20ஆல் நிரப்பிக்கொண்டே வாருங்கள். காலி டேங்கில் முழுக்க அதையே போட்டுவிட்டால் மட்டும் ஸ்டார்ட் செய்யாமல் ஓரமாகத் தள்ளிவிட்டு, மெக்கானிக்கை வரவழைத்து வடித்துவிடுங்கள்.